பிடிகொடுக்காத பேச்சுக்கு ஒரு பாராட்டு மடல்

பேச்சாளர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் பேச்சைக் கிராம சபையிலும் கேட்டிருக்கிறேன், திருவிழாப் பட்டிமன்றத்திலும் கேட்டிருக்கிறேன். உங்களை யாரும் மடக்கி நான் பார்த்ததில்லை. மடக்க நினைத்தவர்கள் இல்லாமல் இல்லை. நீங்கள் சொன்ன ஏதாவது ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். "அதையா நான் சொன்னேன்?" என்று நீங்கள் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். தாங்கள் பிடித்தது உங்கள் முடிவையா, அதற்கான காரணத்தையா, மறுப்பதற்காக நீங்கள் எடுத்துச் சொன்ன எதிர்த்தரப்பின் சொல்லையா, இடையில் வந்த பழங்கதையையா என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. இது எல்லோருக்கும் வாய்க்கிற திறமை இல்லை. அதை முறையாகப் பாராட்டி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

பாராட்டில் பொய் கலக்கக் கூடாது என்பதற்கு நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன. அவர் சொன்னது அவ்வளவுதான். இரண்டும் உண்மை. யாருடைய படை போர் கண்டது, யாருடையது காணவில்லை என்ற முடிவை அவர் வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களும் எதற்குக் காரணமாக நிற்கின்றன என்பதில் தொண்டைமானுக்குச் சந்தேகம் வந்திருக்க வழியில்லை. இரண்டாயிரம் ஆண்டு கழித்துப் படிக்கிற பள்ளிப் பிள்ளைக்கும் சந்தேகம் வருவதில்லை.

நீங்கள் வேறு வகை. ஔவை முடிவைச் சொல்லாமல் விட்டார், எல்லோருக்கும் புரிந்தது. நீங்கள் அரை மணி நேரம் பேசுகிறீர்கள், எல்லோரும் கை தட்டுகிறார்கள், முடிவு என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆளுக்கொன்று சொன்னாலும் எல்லோருக்கும் மனம் நிறைந்திருக்கிறது பாருங்கள், அதுதான் உங்கள் வெற்றி.

எங்கள் ஊர்க் கிராம சபையில் சீமைக்கருவேலம் பற்றி நீங்கள் பேசியதை எடுத்துக்கொள்கிறேன். ராமநாதபுரம் பக்கத்தில் இதைவிடப் பெரிய பேச்சு கிடையாது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. அதே ஆண்டு சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. நீதிமன்றமும் அரசும் இவ்வளவு தூரம் பேசிய விஷயத்தில் எங்கள் ஊர் என்ன முடிவெடுக்கும் என்று கேட்கத்தான் நான் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் பேசியது இது:

"சீமைக்கருவை நம்ம மண்ணு மரம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துல வந்தது. காத்துல இருக்கிற ஈரத்தைக்கூட உறிஞ்சிரும். நம்ம வரத்துக்கால் முழுக்க அதுதான் நிக்குது. தண்ணி கண்மாய்க்கு வந்து சேர மாட்டேங்குது. கரிமூட்டம் போடுறவங்க பிழைப்பு போயிரும்னு சில பேரு சொல்றாங்க. நம்ம தாத்தன் காலத்துல இந்தக் கண்மாய் வருசா வருசம் கலுங்கு பாஞ்சுச்சு!"

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நானும் தட்டினேன், வரத்துக்காலில் நிற்கும் கருவையை எடுக்க வேண்டும் என்ற கட்சிதான் நானும். ஆனால் ஏழு வாக்கியங்களில் எடுக்க வேண்டும் என்று ஒரு வாக்கியத்திலும் நீங்கள் சொல்லவில்லை. வரத்துக்காலில் மட்டுமா, கண்மாய் உள்வாயிலுமா, பட்டா நிலத்திலுமா? வேரோடா, தூரை விட்டுவிட்டு மேலே வெட்டி விறகுக்கு ஏலம் விடுவதா? வெட்டி விட்டால் மறு மழைக்குத் தூரிலிருந்து நாலு கிளை வெடிக்கும் மரம் அது. வேரோடு எடுப்பதும் வெட்டுவதும் வேறு வேறு வேலை, வேறு வேறு செலவு. இதில் எதற்காக நீங்கள் வாதாடினீர்கள் என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. எதிர்ப்பவர் அம்பு எய்ய இலக்கே இல்லாமல் ஒரு போர்க்களத்தை அமைப்பது சாமானியக் காரியமா?

பிறகு நடந்ததுதான் உங்கள் ஆற்றலை முழுதாகக் காட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, "கரிமூட்டம் போடுறவங்களுக்கு மாத்து வேலைக்கு என்னங்கய்யா வழி?" என்று கேட்டான். அவன் வீட்டில் மூட்டம் போடுகிறார்கள். "அது நான் சொன்னதில்லை தம்பி, சில பேரு சொல்றதைச் சொன்னேன்" என்றீர்கள். அடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மரம் நீரை எடுப்பது வேர் வழியாகத்தானே, காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊரை வறட்சியாக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். "அது கிடக்கட்டும் சார், வரத்துக்கால் அடைச்சிருக்கா இல்லையா?" என்றீர்கள். நான் மகிழ்ந்தேன், கடைசியில் வரத்துக்காலுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்படியானால் வரத்துக்காலை மட்டும் இந்த ஆண்டு சுத்தம் செய்துவிடலாமா என்று வார்டு உறுப்பினர் அக்கா கேட்டதும், "இது வேத்து மண்ணு மரம்மா, ஒரு இடத்துல மட்டும் எடுத்து என்ன பிரயோசனம்?" என்றீர்கள்.

மூன்று கேள்விகள், மூன்று பதில்கள். முதல் பதிலில் ஓர் எதிர்வாதம் வெறும் செய்தியாகிவிட்டது. இரண்டாவதில் ஒரு காரணம் பேச்சுக்கு அழகாகிவிட்டது. மூன்றாவதில் பின்னணிக் குறிப்பு காரணமாகிவிட்டது. ஒரே வாக்கியம் கேட்பவரின் முகத்தைப் பார்த்துத் தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. நான் படித்த எந்தத் தருக்க நூலும் இதற்கு வழி சொல்லித் தரவில்லை.

படித்த நூல்களைச் சொன்னேன் அல்லவா, அவற்றைக் கொஞ்சம் உங்கள் பேச்சோடு ஒப்பிட அனுமதியுங்கள். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். ஒரு வாதத்தில் வரும் கூற்றுகளைப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று பிரிக்கிறது அந்த மரபு. பக்கம் என்பது நிறுவ வந்த கருத்து. ஏது அதற்கான காரணம். திட்டாந்தம் எடுத்துக்காட்டு. உபநயம் எடுத்துக்காட்டை இங்கே பொருத்திக் காட்டுவது. நிகமனம் தொடங்கிய கருத்தையே முடிந்த முடிவாகத் திரும்பச் சொல்வது. பின்னிரண்டையும் எடுத்துக்காட்டுக்குள்ளேயே அடக்கிவிட்டு முதல் மூன்றே போதும் என்று அடிகள் சொல்கிறார். மலையில் நெருப்பு இருக்கிறது; புகை இருப்பதால்; அடுக்களையைப் போல. மூன்று துண்டு, மூன்று வேலை. பிறகு ஒவ்வொன்றும் எப்படிப் போலியாகும் என்று பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என நீண்ட வரிசை போடுகிறார். அவ்வளவு நுட்பமாகக் குற்றம் பிரித்த ஆசிரியரிடம் உங்கள் பேச்சைக் கொடுத்தால் ஒரு குற்றமும் சாட்ட முடியாது. ஒரு வாக்கியத்தை ஏது என்று நீங்கள் ஒப்புக்கொண்டால்தானே அதை ஏதுப்போலி என்று அவர் சொல்ல முடியும்?

ஒப்புக்கொண்டதாக வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். "நம்ம மண்ணு மரம் இல்லை" என்பது காரணமா? காரணம் என்றால், வேற்று மண்ணிலிருந்து வந்த செடியெல்லாம் அகற்றத் தக்கவை என்பது அதற்குள் இருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நிலக்கடலையும் மரவள்ளியும் அங்கிருந்து வந்தவையே. நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. உங்கள் காரணம் கருவையையும் பிடிக்கிறது, மிளகாயையும் பிடிக்கிறது. விலக்க வேண்டியதிலும் வைத்துக்கொள்ள வேண்டியதிலும் ஒன்றுபோல இருக்கும் காரணம் எதையும் நிறுவாது. அதைத்தான் அநைகாந்திகம் என்ற ஏதுப்போலியின் ஒரு வகையாக அந்தக் காதை வைக்கிறது. அதே வாக்கியத்தைப் பின்னணிச் செய்தியாகச் சொல்லியிருந்தால் ஒரு குறையும் இல்லை. மரத்தின் வரலாறு தெரிந்துகொள்ள வேண்டியதுதான். வாக்கியம் நல்லதா கெட்டதா என்பது அதற்கு நாம் கொடுத்திருக்கும் வேலையைப் பொறுத்தது.

தாத்தன் காலத்துக் கலுங்கும் அப்படியே. அப்போது கருவை இல்லை, கண்மாய் நிறைந்தது. இப்போது கருவை இருக்கிறது, நிறையவில்லை. எடுத்துக்காட்டு என்றால் நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் தாத்தன் காலத்துக்கும் நமக்கும் நடுவே கண்மாய் மேடாகிவிட்டது, வரத்துக்காலின் பாதியை ஆக்கிரமித்துவிட்டார்கள், குடிமராமத்து என்று ஊர் கூடிச் செய்த வேலை நின்றுபோனது. அத்தனையையும் விட்டுவிட்டுக் கருவை ஒன்றின்மேல் பழியைப் போட வேண்டுமானால் அந்த நினைவு மட்டும் போதாது.

உங்கள் பேச்சில் ஒரு முத்து இருந்தது. வரத்துக்கால் முழுக்கக் கருவை நிற்கிறது. அதனால் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேரவில்லை. நாலாவதும் ஐந்தாவதும். ஐந்தாவது வாக்கியத்தைக் கவனியுங்கள்: நாலாவது அதற்குக் காரணம், அது தானே ஒரு முடிவு. ஆனால் அங்கேயே நின்றுவிடாது. தண்ணீர் வரவில்லை என்பது, ஆகவே வரத்துக்காலில் நிற்பதை எடுக்க வேண்டும் என்ற அடுத்த முடிவுக்குக் காரணமாகிவிடும். கீழே இருப்பதைப் பிடித்துக்கொண்டு மேலே இருப்பதைத் தாங்கும் வாக்கியம். வாதத்தில் இந்த இடைப்படிதான் மிக முக்கியம். கேட்பவருக்குக் கண்ணில் படாமல் போவதும் இதுவே. சோதிக்கவும் எளிது. நடந்து போய் வரத்துக்காலைப் பார்த்தால் முடிந்தது. மறுக்க வருபவனும் அங்கே வந்துதான் மறுக்க வேண்டும். மற்ற ஐந்து வாக்கியங்களையும் விட்டு இந்த நூலைப் பிடித்து இழுத்திருந்தால் அன்றே தீர்மானம் போட்டிருக்கலாம். நீங்கள் அதைப் பேச்சின் நடுவில், மற்ற வாக்கியங்களோடு ஒன்றாக, எந்தத் தனிச் சிறப்பும் கொடுக்காமல் வைத்தீர்கள். எல்லா வாக்கியங்களையும் சமமாக நடத்தும் உங்கள் பண்பு அது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூற்று, காரணம் என்று ஒரு வகை வினா வரும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் எழுதியிருப்பார்கள். ஒரு கூற்று, ஒரு காரணம், கீழே நாலு விடை. கூற்று சரி, காரணம் தவறு. கூற்று தவறு, காரணம் சரி. இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. இவை மூன்றும் எளிது. பிள்ளைகள் தடுமாறுவது நாலாவதில்: கூற்றும் காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை. இரண்டு வாக்கியமும் உண்மை என்று தெரிந்தபிறகும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகுமா என்று தனியாகக் கேட்க வேண்டும் என்பதைப் பதினைந்து வயதில் கற்றுக்கொடுக்கும் அருமையான வினா அது. பல இடங்களில் விடையை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்து அதையும் ஒரு மதிப்பெண்ணாக்கிவிட்டோம் என்பது எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் பேச்சு அந்த நாலாவது விடையிலேயே குடியிருக்கிறது. மரம் வெளியிலிருந்து வந்தது உண்மை. தாத்தன் காலத்தில் கலுங்கு பாய்ந்தது உண்மை. மூட்டம் போடுபவர்கள் கவலைப்படுவது உண்மை. ஒன்றும் மற்றொன்றை விளக்கவில்லை. இவ்வளவு உண்மைகளை அடுக்கி எதையும் நிறுவாமல் இறங்கி வர அசாத்தியக் கட்டுப்பாடு வேண்டும்.

மெய்கண்டாருக்கு இந்தக் கட்டுப்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. சிவஞானபோதத்தில் பன்னிரண்டு சூத்திரங்களையும் அவர் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் இது, ஏது இது, எடுத்துக்காட்டு வெண்பா இது என்று தலைப்புப் போட்டுத் தனித்தனியே வைத்திருக்கிறார். தம் கருத்தை மறுக்க விரும்புகிறவனுக்கு எந்த இடத்தில் வந்து கேட்க வேண்டும் என்று வழிகாட்டியே எழுதினார். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பெரும் பகுதி, சுபக்கம் என்று ஒரு பெரும் பகுதி. முன்னதில் உலோகாயதம் தொடங்கிப் பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கிறார். பின்னதில் தம் கொள்கையை நிறுவுகிறார். எது யாருடைய சொல் என்று நூலின் அமைப்பே சொல்லிவிடுகிறது. நம் பழைய உரையாசிரியர்களும் மாற்றுக் கருத்தைச் சொல்லும்போது இப்படி உரைப்பாரும் உளர் என்று வேலி கட்டிவிட்டுத்தான் மேலே போவார்கள். அவர்களெல்லாம் மாற்றானுக்குக் கதவைத் திறந்து வைத்தவர்கள். நீங்கள் அவர்களைவிட எச்சரிக்கையானவர்.

அந்த எச்சரிக்கையின் பலனை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். அன்று நீங்கள் பேசியதை யாரோ இரண்டு துண்டாக வெட்டி அனுப்பியிருந்தார்கள். "கரிமூட்டம் போடுறவங்க பிழைப்பு போயிரும்" என்ற துண்டு மூட்டம் போடும் தெருவில் சுற்றியது. நீங்கள் அவர்கள் பக்கம் என்று அங்கே பேச்சு. "வெள்ளைக்காரன் காலத்துல வந்தது" என்ற துண்டு ஆயக்கட்டு விவசாயிகள் குழுவில் சுற்றியது; நீங்கள் இவர்கள் பக்கம் என்று இங்கே பேச்சு. பரபக்கத்தின் முதல் பகுதியை மட்டும் நறுக்கி அனுப்பினால் அருணந்தியாரையும் கடவுள் மறுப்பாளர் ஆக்கிவிடலாம். ஆனால் அவர் விஷயத்தில் நறுக்கியவன்மேல்தான் பழி வரும், நூலை எடுத்துக் காட்டிவிடலாம். உங்கள் விஷயத்தில் நறுக்கியவனைக் குறைசொல்ல முடியவில்லை. முழுப் பேச்சைத் திரும்பக் கேட்டேன். அதிலும் இரண்டுக்கும் இடம் இருந்தது.

கிராம சபை முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தைப் போய்ப் பார்த்தேன். ஊராட்சிச் செயலர் நேர்மையானவர், நடந்ததை நடந்தபடி எழுதுகிறவர். "சீமைக்கருவேல மரங்கள் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தார். கீழே கையெழுத்துகள். அவரால் வேறு என்ன எழுதியிருக்க முடியும்? தீர்மானம் என்பது ஒரு முடிவு. நீங்கள் அதைத் தரவில்லை. நாங்களும் கேட்டு வாங்கவில்லை, கை தட்டினோம். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போனால் எந்த வேலைக்கு மதிப்பீடு போடுவார்கள்? மரம் அப்படியே நிற்கிறது. மூட்டம் போடும் தம்பியின் கேள்வி அந்தப் புத்தகத்தில் ஏறவே இல்லை. அவன் கேட்டது நியாயமான எதிர்வாதம். அதை எதிர்வாதமாக ஏற்றுக்கொண்டு, எடுக்கும் மரத்தில் மூட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு பதில் சொல்லியிருந்தால் அவனே மண்வெட்டியோடு வந்திருப்பான். எனக்கு உங்கள்மேல் இருக்கும் மனத்தாங்கல் அங்கேதான் ஐயா. ஊரே காது கொடுக்கும் குரல் உங்களிடம் இருக்கிறது. எங்களில் வேறு யாருக்கும் அது இல்லை.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வேலை முடிய வேண்டுமானால் ஆகஸ்ட் 15 கூட்டத்தை விட்டால் நமக்கு வழியில்லை. அன்று நீங்கள் எழுந்து பேச வேண்டும். இப்படிப் பேசுங்கள்: "நம்ம வரத்துக்கால்ல நிக்கிற கருவையை மழைக்கு முன்னாடி வேரோட எடுக்கணும். இதுதான் நான் சொல்ல வந்தது. ஏன்னா தண்ணி அங்கதான் தடைபடுது. நம்பாதவங்க இப்பவே என்கூட வாங்க, காட்டுறேன். மூட்டம் போடுறவங்க கேக்குறது நியாயம், அதுக்குப் பதில் இது." அதற்கு மேல் ஒரு வாக்கியமும் வேண்டாம். மறுக்க வருகிறவர்கள் வரட்டும். நீங்கள் தோற்றாலும் பரவாயில்லை, எங்கே தோற்றீர்கள் என்று ஊருக்குத் தெரியட்டும்.